முயலுக்கு நகம் வெட்ட: எந்தக் கருவி, யார் கை?

முயலுக்கு மொத்தம் 18 நகங்கள். முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4. முன்காலின் ஐந்தாவது நகம் கட்டைவிரல் நகம். காலின் உள்பக்கம் சற்று மேலே, ரோமத்துக்குள் ஒளிந்திருக்கும். தரையில் படாததால் அது தேய்வதே இல்லை. வளைந்து சதைக்குள் இறங்கும் நகத்தைத் தேடினால் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

இந்தப் பதினெட்டையும் வெட்டக் கடையில் நாலைந்து வகைக் கருவி தொங்குகிறது. வீட்டில் நாம் வெட்டிக்கொள்ளும் நகவெட்டி இருக்கிறது. தெருமுனையில் பெட் ஷாப், கொஞ்சம் தள்ளி கால்நடை மருத்துவர். இதில் எது என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் இரண்டாவது முறையும் செலவு செய்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பிடிநேரம். எங்கள் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது இது. முயல் இரையாகிப் பழகிய பிராணி. காலைப் பிடித்து நிறுத்தினால் ஏதோ ஒன்று தன்னைப் பிடித்துவிட்டது என்றுதான் அதற்குத் தோன்றும். உடனே பின்கால்களை உதறும். முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான். தொடைத் தசையோ மிகவும் பலமானது. இடுப்புக்கு அடியில் தாங்கல் இல்லாமல் உதைத்தால், தன் உதையாலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். நகம் வெட்டப்போய் நடக்கக்கூடிய ஆகப் பெரிய விபத்து ரத்தம் கசிவதல்ல, இதுதான். அதனால் எந்த முறையானாலும் முதல் கேள்வி: கால் எத்தனை விநாடி நம் கையில் இருக்கப்போகிறது?

வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரிகிறதா. நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் பாதிக்கு மேல் ஓடுகின்றன. அந்தப் பகுதியை இங்கே ரத்தக்கோடு என்று சொல்வோம். வெள்ளை முயலின் நகம் கண்ணாடி மாதிரி. உள்ளே இளஞ்சிவப்பாகக் கோடு தெரியும். சாம்பல், கறுப்பு, சின்சில்லா நிற முயல்களின் நகம் கருமை. வெறும் கண்ணால் ஒன்றும் தெரியாது. ஒரே கருவி வெள்ளை முயலுக்குச் சுலபமாகவும் கறுப்பு முயலுக்கு ஆபத்தாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நறுக்கா, நசுக்கா. முயல் நகம் நம் நகம் போலத் தட்டை அல்ல. இரு பக்கமும் சற்று அமுங்கிய, வளைந்த கூம்பு. கூர்மையில்லாத அலகு அதை வெட்டுவதற்கு முன் நசுக்கும். நசுங்கிய நகம் நீளவாக்கில் பிளந்து, விரிப்பில் சிக்கி, இரண்டு நாள் கழித்துக் கிழியும்.

தவறினால் என்ன ஆகும். எல்லா முறையிலும் தவறு நடக்கும். அந்தத் தவறை வீட்டிலேயே சமாளிக்க முடியுமா என்பதுதான் வித்தியாசம்.

மறைமுகச் செலவு என்று தனியாக ஒன்று உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

## கத்தரி வகை நகவெட்டி

பூனை, முயல் போன்ற சிறு பிராணிகளுக்கென்று விற்பது. சின்னக் கத்தரி போலவே இருக்கும். அலகின் நுனியில் அரைவட்டமாக ஒரு குழிவு. நகம் அந்தக் குழிவில் உட்காரும், நழுவாது. அலகு மெல்லியது என்பதால் வெட்டப்போகும் இடம் கடைசி நொடிவரை தெரியும். முயல் காலை இழுத்தால் கத்தரியைத் திறந்தால் போதும், கால் விடுபட்டுவிடும். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே இதை முதலிடத்தில் வைக்கிறோம்.

குறை என்று பார்த்தால் அலகு சீக்கிரம் மழுங்கும், ஆணி தளரும். அலகுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய ஆரம்பித்தால் அது இனி நசுக்கத்தான் செய்யும். சோதிக்க ஒரு வழி: விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் குழிவில் வைத்து வெட்டுங்கள். 'டிக்' என்று துண்டாக விழுந்தால் சரி. மடங்கினாலோ நார் தொங்கினாலோ புதிது வாங்குங்கள். தீட்டிக் கொடுக்கிறவர்கள் கிடைப்பது அரிது; சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கருவி என்பதால் மாற்றிவிடுவதே மேல்.

முதல்முறை வெட்டுகிறவருக்கும், கருமை நகத்துக்கும், கட்டைவிரல் நகத்துக்கும் இதுதான். நான்கு கிலோவைத் தாண்டிய பெரிய ஜாதி முயலின் பின்கால் நகத்துக்கு மட்டும் திணறும்.

## நாம் வெட்டிக்கொள்ளும் நகவெட்டி

"இருக்கிறதை வைத்து வெட்டினால் என்ன?" என்பது நியாயமான கேள்விதான். இரண்டு மூன்று மாதக் குட்டியின் நகம் நூல் மாதிரி இருக்கும்; அதற்கு இது தாராளமாகப் போதும். வளர்ந்த முயலுக்குத்தான் சிக்கல். அலகு தட்டை நகத்துக்காக அமைந்தது. உருண்டையான நகத்தை முதலில் தட்டையாக்கிவிட்டுத்தான் வெட்டும். வாய்ப்பகுதி அகலம், எனவே வெட்டும் இடத்தைக் கருவியே மறைக்கும். சுற்றியுள்ள ரோமமும் சேர்ந்து மாட்டும். ரோமம் இழுபட்டதும் முயல் துள்ளும், துள்ளும்போது அலகு ஏறி இறங்கும்.

வேறு வழியே இல்லாத நாளில் இதைப் பயன்படுத்துவதானால் ரோமத்தை ஈரவிரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நுனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். அந்த நகவெட்டி அதற்குப் பிறகு முயலுக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிவிடுவது நல்லது.

## கில்லட்டின் வகை

ஒரு வளையத்துக்குள் நகத்தை நுழைத்து அழுத்தினால் அலகு குறுக்கே சறுக்கி வெட்டும். நாய் வளர்க்கிறவர்கள் வீட்டில் இருக்கும். புது அலகாக இருந்தால் வெட்டு மிகச் சுத்தமாக வரும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பதினெட்டு நகத்தையும் ஒவ்வொன்றாக வளையத்துக்குள் கோக்க வேண்டும், பிடிநேரம் இரட்டிப்பு. அதைவிட மோசம், கோத்த பிறகு முயல் காலை இழுத்தால் நகம் வளையத்தில் மாட்டிக்கொண்டு வேரோடு கழன்று வரலாம். வளைந்து சுருண்ட நகம் உள்ளே நுழையவே நுழையாது. மேசை மேல் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாது முயலுக்கும் அனுபவக் கைக்கும் சரி. மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

## ப்ளையர் வகை

நாய்க்கான தடித்த வெட்டி. பெரிய முயலின் கட்டியான பின்நகத்தை ஒரே அழுத்தில் வெட்டும் பலம் உண்டு. கனமானது, அலகு பருமன், முன்னங்கால் நகத்துக்கு யானைக்குச் செய்த கரண்டியால் குழந்தைக்கு ஊட்டுவது போல. சிறிய அளவு ப்ளையர் கிடைத்தால் பின்காலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் 'இதற்கு மேல் வெட்டாதே' என்று ஒரு தடுப்புத் தகடு இருக்கும்; அது நாய் நகத்தின் கணக்கு, முயலுக்கு அதை நம்ப வேண்டாம்.

## நகம் தேய்க்கும் மெஷின்

பெட்டியில் 'பெட் நெயில் கிரைண்டர்' என்று போட்டிருக்கும். "ரத்தமே வராது" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கப்படுகிற பொருள். பாதி உண்மை. ஒரே வெட்டில் ஆழமாகப் போகாது என்பதால் ரத்தக்கோட்டைத் தொடும் வாய்ப்பு குறைவுதான்.

ஆனால் முயலுக்கு இது நான்கு வகையில் ஒத்துவராது. வெட்டினால் இரண்டு மூன்று விநாடியில் முடிகிற நகம், தேய்த்தால் விட்டுவிட்டுப் பலமுறை தொட வேண்டும். அதைப் பதினெட்டால் பெருக்கிப் பாருங்கள். மோட்டாரின் சத்தமும் அதிர்வும் அந்தக் காதுகளுக்கு அதிகம். ஒரே இடத்தில் தொடர்ந்து தேய்த்தால் சூடேறும். ரத்தம் வராமலே வலிக்கும். கடைசியாக, நாய்க்கும் பூனைக்கும் இருக்கும் பாதத் திண்டு முயலுக்குக் கிடையாது; பாதம் முழுக்க ரோமம். சுழலும் முனையில் அந்த ரோமம் சுற்றிக்கொண்டால் தோலும் சேர்ந்து இழுபடும். சார்ஜ், தேய்முனை மாற்றும் செலவெல்லாம் பிறகு.

வெட்டிய பின் முனை சொரசொரப்பாக இருந்தால், நாம் பயன்படுத்தும் சாதாரண நக அரத்தால் இரண்டு இழுப்பு போதும். மெஷினுக்குப் பழகிய முயல்கள் உண்டு. அணைத்து வைத்த மெஷினை முகரவிட்டு, பிறகு தூரத்தில் ஓடவிட்டு, வாரக்கணக்கில் பழக்கியவை. அந்தப் பொறுமை உள்ளவர்கள், நகம் அடிக்கடி பிளக்கும் முயலுக்காக வாங்கலாம்.

## சொரசொரப்பான கல், தோண்டும் பலகை

வெட்டாமலே தேயவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: பாதிதான் தேயும். முயல் தோண்டுவது முன்காலால். எனவே கூண்டில் வைத்த கடப்பாக்கல்லும் மண்தொட்டியும் முன்நகத்தை மட்டும் ஓரளவு குறைக்கும். பின்நகமும் கட்டைவிரல் நகமும் அப்படியே இருக்கும். உப்புத்தாள் ஒட்டிய பலகை வேண்டவே வேண்டாம். நகத்துக்கு முன் பாதத்தின் ரோமம் தேய்ந்து குதிங்காலில் புண் வரும். கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் வளரும் முயலுக்கு நகம் தேயவும் செய்யாது, வலையில் சிக்கிக் கிழியவும் செய்யும். அங்கே நகம் வெட்டுவதோடு, உட்கார ஒரு பலகையோ பாயோ போட வேண்டும்.

| கருவி | பிடிநேரம் | வெட்டுமிடம் தெரிவது | வழக்கமான தவறு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| கத்தரி வகை | குறைவு | நன்றாகத் தெரியும் | மழுங்கிய அலகால் பிளத்தல் | பெரும்பாலான வீட்டு முயல்களுக்கு |
| மனித நகவெட்டி | நடுத்தரம் | மறைக்கும் | நசுங்குதல், ரோமம் மாட்டுதல் | குட்டிகளுக்கு |
| கில்லட்டின் | அதிகம் | ஓரளவு | நகம் வளையத்தில் சிக்குதல் | சாது முயல், பழகிய கை |
| ப்ளையர் | குறைவு | சுமார் | அளவுக்கு மீறி வெட்டுதல் | பெரிய முயலின் பின்கால் |
| தேய்க்கும் மெஷின் | மிக அதிகம் | நன்றாகத் தெரியும் | சூடு, ரோமம் சுற்றுதல் | முன்பே பழக்கிய முயல் |
| கல், மண்தொட்டி | இல்லை | பொருந்தாது | போதும் என்று நம்பிவிடுவது | துணையாக மட்டும் |

கருவியைத் தேர்ந்தாயிற்று. இதைவிடப் பெரிய முடிவு, யார் வெட்டுவது என்பது.

## வீட்டில் ஒரே ஆள்

முடியும். ஆனால் பதினெட்டையும் ஒரே உட்காரலில் முடிக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கால், நான்கு நாளில் முடியும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம்தான்.

தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். நாற்காலி, மேசை, கட்டில் வேண்டாம். துள்ளி விழுந்தால் எலும்பு முறியும் உயரம் அவை. மடியில் ஒரு பருத்தித் துண்டை விரித்து, அந்தக் குழிவில் முயலை, பின்பக்கம் உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி உட்கார வையுங்கள். நான்கு காலும் கீழே ஊன்றியிருக்க வேண்டும். இடது முழங்கை முயலின் உடலை அணைத்திருக்க, இடது விரல்கள் பாதத்தை ஓர் அங்குலம் மட்டும் தூக்கட்டும். பின்காலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இடுப்பு மூட்டு அப்படித் திரும்பாது, வலித்தால் உதைக்கும். பின்னோக்கி லேசாக நீட்டினால் போதும்.

காதைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்தால் முயல் அசையாமல் கிடக்கும், அந்த நேரத்தில் வெட்டிவிடலாம் என்று பல வீடியோக்கள் காட்டுகின்றன. அது உறக்கமோ சுகமோ அல்ல. பிடிபட்ட இரை செத்தது போலக் கிடக்கும் பயம். எந்த நொடியில் விழித்துத் துள்ளும் என்று சொல்லவும் முடியாது. பிடிநேரத்தைச் சுலபமாக்குவது போலத் தோன்றும் இந்தக் குறுக்குவழியின் செலவு, அடுத்த முறை உங்களைக் கண்டதும் சோபாவுக்கு அடியில் ஓடுகிற முயல்.

துண்டில் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வெட்டுவது நல்ல முறைதான். இரண்டு எச்சரிக்கை உண்டு. முயல் மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. துண்டு மூக்கை மூடக்கூடாது. முயலுக்கு வியர்க்காது, சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் காது வழியாகத்தான். சித்திரை, வைகாசியில் மதிய நேரத்தில் தடித்த டர்க்கி டவலில் சுற்றினால் வெப்பத்தாக்கம் வந்துவிடும். மெல்லிய துண்டு, காது வெளியே, விடியற்காலை அல்லது ராத்திரி, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

## வீட்டில் இரண்டு பேர்

வசதி இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுங்கள். ஒருவர் முயலை மார்போடு அணைத்து, ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை இடுப்புக்கு அடியிலும் தாங்கி, தரையிலேயே உட்கார வேண்டும். மற்றவர் வெட்ட வேண்டும். 'விடு' என்று சொல்லும் உரிமை பிடிப்பவருக்கு. வெட்டுபவர் நகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார், முயல் உடல் இறுகுவது பிடிப்பவருக்குத்தான் முதலில் தெரியும். பழகிய ஜோடிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இதில் ஒளிந்திருக்கும் செலவு ஆள் கிடைப்பதுதான். சின்னப் பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். நழுவுகிறது என்றதும் இறுக்குவார்கள், இறுக்கினால் உதைக்கும், பயந்து கீழே போட்டுவிடுவார்கள்.

யார் வெட்டினாலும் வெட்டும் முறை ஒன்றுதான். ரோமத்தை ஈரவிரலால் விலக்குங்கள். போன் டார்ச்சை நகத்தின் அடியிலிருந்து அடித்தால் கருமை நகத்திலும் உள்ளே ஒரு நிழல் முடியும் இடம் தெரியும். அந்த இடத்திலிருந்து நுனிப்பக்கமாக 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். டார்ச்சிலும் தெரியாவிட்டால் அலகை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள், வெட்டாமல். முயல் காலை வெடுக்கென்று இழுத்தால் ரத்தக்கோடு அங்கே இருக்கிறது; இன்னும் நுனிக்கு நகருங்கள். சந்தேகமாகவே இருந்தால் கூர்முனையை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

மாதக்கணக்கில் விட்டு நகம் நீண்டிருந்தால் ரத்தக்கோடும் சேர்ந்தே நீண்டிருக்கும். ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டே வந்தால் கோடு தானாகப் பின்வாங்கும்.

## பெட் ஷாப்

சீக்கிரம் முடியும், வீட்டுப் பக்கத்தில் இருக்கும். ஆனால் பெரும்பாலும் நாய்க்குப் பழகிய கை, நாய்க்கு வெட்டிய கருவி. கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படிப் பிடிப்பீர்கள்?" பிடரியைப் பிடித்துத் தூக்குவேன், மல்லாக்கப் போடுவேன் என்று பதில் வந்தால் முயலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். உங்கள் கண்முன்னேயே வெட்டச் சம்மதிக்காத இடமும் வேண்டாம். முயலைத் தினமும் கையாளுகிறவர் அங்கே இருந்தால் மட்டும், அவசரத்துக்கு இது ஒரு வழி.

## கால்நடை மருத்துவர்

கட்டணம் இங்கே பெரிய செலவல்ல. கூடையில் அடைபட்டு ஆட்டோவில் போவது, வெயில், காத்திருக்கும் இடத்தில் பக்கத்திலேயே குரைக்கும் நாய்: முயலுக்கு நகம் வெட்டுவதைவிட இவைதான் பாரம். எனவே முதல் ஆளாகப் பார்க்கும்படி காலை நேரம் கேட்டு வாங்குங்கள். கூடையில் வழக்கமான புல்லை வையுங்கள், மேலே மெல்லிய துணி போட்டு மூடுங்கள்.

எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் முயலைப் பார்த்துப் பழகியிருக்க மாட்டார்கள். மாடும் ஆடும்தான் அவர்களுக்கு அன்றாடம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் பக்கத்தில் இருந்தால் அங்கே விசாரிக்கலாம். ஒருவர் முயலுக்குப் பழகியவரா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. மயக்க மருந்து தேவைப்படும் நிலையில், நாய்க்குச் சொல்வது போல "ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டுக் கொண்டு வாருங்கள்" என்றால் யோசிக்க வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும்.

நகம் சதைக்குள் குத்தியிருந்தால், வேரோடு கழன்றிருந்தால், குதிங்காலில் புண் இருந்தால், வயதான முயல் காலை மடக்கவே வலியில் முனகினால், மூச்சிரைப்பு இருந்தால் வீட்டு முறைகளை எல்லாம் மறந்துவிட்டு நேராக இங்கே. இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு: முதல்முறை. மருத்துவர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, இரண்டு நகத்தை அவர் கண்முன்னே வெட்டிப் பழகிவிட்டு வந்தால், கொடுத்த கட்டணம் அடுத்த பல வருடத்துக்கு உதவும்.

## ரத்தம் வந்துவிட்டால்

கத்தரியை எடுக்கும் முன்பே பக்கத்தில் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) ஒரு ஸ்பூன், சுத்தமான பஞ்சு, டார்ச் மூன்றும் இருக்க வேண்டும். ரத்தம் கண்ட பிறகு சமையலறைக்கு ஓடினால் முயலை யார் பிடிப்பது?

பஞ்சில் மாவைத் தொட்டு நகநுனியில் வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். உறையும் ரத்தம் ஒவ்வொரு தடவையும் பிய்ந்து வரும். பெட் கடையில் ரத்தம் நிறுத்தும் பொடி கிடைத்தால் இன்னும் வேகம், கொஞ்சம் எரியும். நம் வீடுகளில் கை வெட்டினால் காபித்தூளை அப்புவது வழக்கம். முயலுக்கு வேண்டாம், பாதத்தை நக்கும், காஃபின் அதற்கு நஞ்சு. டெட்டாலும் அதே காரணத்துக்காக வேண்டாம். 15 நிமிடத்துக்குப் பிறகும் கசிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

அன்றைக்கு மீதி நகங்களை விட்டுவிடுங்கள். ரத்தம் நின்ற பிறகு ஒரு நாள் மண்ணிலும் மரத்தூளிலும் விடாமல் சுத்தமான துணி விரிப்பில் வைத்திருங்கள். அடுத்த சில மணி நேரத்துக்குக் காலைவிட வாயைத்தான் கவனிக்க வேண்டும்: புல்லைத் தின்கிறதா, புழுக்கை வழக்கம்போல் விழுகிறதா. பயத்தில் குடல் இயக்கம் குறைந்துவிடும் முயல்கள் உண்டு. 10, 12 மணி நேரம் எதையும் தின்னாமல் ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால், நகம் எவ்வளவு அழகாக வெட்டுப்பட்டிருந்தாலும் அது அவசரச் சிகிச்சை. இரவென்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.